கல் உடைத்த கை

சுத்தியல் செய்வதற்கும் ஒரு சுத்தியல் வேண்டும். அங்ஙனமாயின் உலகின் முதற் சுத்தியலைச் செய்தவர் யார்? எவரும் செய்திலர். ஆற்று நீர் உருட்டித் தந்த கூழாங்கல்லே முதற் சுத்தியல். அதனை ஏந்திப் பிறிதொரு கல்லைத் தட்டிக் கூரிய விளிம்பொன்றைப் பெற்ற கையே தொழில்கள் அனைத்திற்கும் தாய் எனலாம். அக்கையின் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

எல்லாக் கல்லும் இத்தொழிலுக்கு இசையா. சிலிக்கா மிகுந்து, நுண்ணிய மணிகளாய் இறுகிய கல்லே வேண்டும். இங்கிலாந்திலும் பிரான்சிலும் சுண்ணப் பாறைகளிடையே கிடைக்கும் சக்கிமுக்கிக் கல் அத்தகையது. நாம் குடிபுகுந்து வாழும் இக்கூர்ச்சர நாட்டின் அகேட்டுக் கல்லும் அத்தகையதே. தொண்டை நாட்டின் பழமாந்தர்க்கு வாய்த்ததோ குவார்ட்சைட் என்னும் வன்கல். இவை கண்ணாடி போல் உடைவன. விளிம்பருகே சாய்வாக ஓர் அடி விழின், அடியின் ஆற்றல் கூம்பு வடிவில் உள்ளே பரவும். சிப்பி போன்று வளைந்த செதிலொன்று கழன்று விழும். அச்செதிலில் அடிபட்ட இடத்தின் கீழ்ச் சிறு புடைப்பொன்று தோன்றும். மனிதன் உடைத்த கல்லை இயற்கையில் உடைந்த கல்லினின்று பிரித்தறிய ஆய்வாளர்க்கு உதவும் அடையாளங்களுள் அப்புடைப்பும் ஒன்று.

இன்று மேலைநாடுகளில் பலர் இதனைப் பொழுதுபோக்காகப் பயில்கின்றனர். அவர்க்கு வேண்டும் கருவிகள் சிலவே. பெருஞ்செதில் பெயர்க்க உருண்டைக் கல். மெல்லிய செதில் பெயர்க்க மான் கொம்பு. விளிம்பை அழுத்தி நுண்செதில் எடுக்கச் செம்புமுனை பொருத்திய கைப்பிடி. அடிக்குமுன் விளிம்பைத் தேய்த்து உரமாக்கச் சொரசொரப்பான கல். தொடைமேல் விரிக்கத் தடித்த தோல். நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் (1972) உள்ளமையால் மான் கொம்பை விடுத்து, வன்மரக் கட்டையோ செம்புக் குமிழோ கொள்ளுதல் தகும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி இன்றியமையாதது.

இது வெறும் விளையாட்டன்று. பிரான்சு நாட்டுப் பிரான்சுவா போர்தும், அமெரிக்க நாட்டு டான் கிராப்ட்ரீயும் தம் கையாலேயே கல்லுடைத்துப் பழங்கருவிகளின் செய்முறையை உணர்ந்தனர். 1964ஆம் ஆண்டு பிரான்சின் லேசெய்சி என்னும் ஊரில் இருவரும் ஆய்வாளர் முன்னிலையில் அக்கலையைச் செய்து காட்டினர். கருவியை மட்டுமன்றிச் சிதறிக் கிடக்கும் கழிவுச் செதிலையும் படிக்கலாம் என்னும் அறிவு இத்தகையோரால் வளர்ந்தது.

நம் தாய்த் தமிழகத்திற்கு இவ்வரலாற்றில் தனி இடமுண்டு. நிலவியல் துறையினரான இராபர்ட் புரூஸ் பூட், 1863 மே 30ஆம் நாள் சென்னையை அடுத்த பல்லாவரத்தில், சரளைக்கற் குழியொன்றினின்று வெளியே எறியப்பட்ட குவியலில் மனிதன் செதுக்கிய கல்லொன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில், கொற்றலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தை அவரும் வில்லியம் கிங்கும் கண்டனர். அவ்வூர்க் கைக்கோடரிகளுள் மிகப் பழையன ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு பழமையுடையன என 2011ஆம் ஆண்டு ஆய்வு வெளியாயிற்று. வழிவழி வந்த தமிழ் மரபைப் பெருமையுடன் பேசும் நாம், மொழிகள் தோன்றுமுன்னரே அம்மண்ணில் உழைத்த கைகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மற்றொன்று: பூட் தம் பணியினின்று ஓய்வு பெற்றபின் பரோடா அரசிற்காக உழைத்து, இக்கூர்ச்சர மண்ணின் பழங்கற்களையும் ஆராய்ந்தார். நமக்கு முன்னரே இவ்விரு நாடுகளையும் கல்லால் இணைத்தவர் அவர்.

மேலைநாட்டார் பொழுதுபோக்காகப் பயிலும் இக்கலை, காம்பே எனப்பட்ட கம்பாத்து நகரில் இன்றும் பிழைப்பாகவே உள்ளது. இரத்தன்பூர்ப் பக்கத்து அகேட்டுக் கற்களை வெயிலில் உலர்த்தி, மட்கலத்தில் வைத்துச் சூடேற்றுவர். கல் சிவந்து சூதுபவளமாகும், உடைத்தற்கும் எளிதாகும். பின்னர்த் தரையில் நட்ட இரும்பு முனையின்மேல் கல்லைச் சாய்த்துப் பிடித்து, எருமைக் கொம்புத் தலையுடைய சுத்தியலால் மெல்லத் தட்டுவர். அடி மேலே விழ, செதில் கீழிருந்து பெயரும். 1955 முதல் அகழப்பெற்ற லோத்தலிலும் மணி செய்த பட்டறை வெளிப்பட்டமையால், இந்நிலத்தில் மணித்தொழிலின் தொன்மை விளங்கும். கொங்கு நாட்டுக் கொடுமணலிற் கிடைத்த சூதுபவள மணிகளுக்கும் மூலக்கல் இப்பக்கத்தினின்றே சென்றிருக்கலாம் என ஆய்வாளர் கருதுவர்.

ஆண்டுதோறும் ஊருக்குச் செல்லும்போது நம்மவர் பலர் கம்பாத்து மணிமாலை வாங்கிச் செல்கின்றோம். அதன் ஒளியைக் கண்ட நாம், அதன் தூசியைக் கண்டிலோம். கல்லை உடைத்துத் தேய்க்குங்கால் எழும் சிலிக்காத் தூள் நுரையீரலிற் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் நோயைத் தரும். படிந்த வடு மாறாது. நோயை முற்றும் தீர்க்கும் மருந்தும் இல்லை. காற்றோட்டம், நீர் தெளித்துத் தேய்த்தல், தூசியை உறிஞ்சும் பொறி ஆகிய தடுப்பு முறைகளே காவல். பொழுதுபோக்குவோன் திறந்த வெளியில் அமர்ந்து முகக்காப்பு அணிகின்றான். பிழைப்புக்குத் தேய்ப்பவன் குடிலின் உள்ளே அத்தூளையே உண்கின்றான். பேரம் பேசி நாம் குறைக்கும் சில்லறை யாருடைய மூச்சிற் குறைகின்றது என்பதை எண்ணுதல் நம் கடன்.

இக்கலையைப் பயில விரும்பும் இளைஞர்க்கும் ஒரு சொல். தொல்லிடங்களிற் கிடக்கும் கல்லை எடாதீர். அது ஏடு, கிழித்தால் மீண்டும் எழுத ஒண்ணாது. நீவிர் உடைத்த செதில்களை அங்கே சிந்தாதீர். நாளை வருவோனை அவை ஏமாற்றும். செய்த கருவியில் ஆண்டைப் பொறித்து வையுங்கள். பழமையைப் போற்றுவோர் அதனைப் பொய்யாக்குதல் கூடாது.

கல்லை உடைத்த முதற் கை பெயரின்றி மறைந்தது. இன்று கம்பாத்தில் உழைக்கும் கைக்குப் பெயருண்டு, மனையுண்டு, மக்களுண்டு. முன்னதை வியப்போம், பின்னதைக் காப்போம்.