எவர்கிரீன்: ஒரு சொல்லும் இரண்டு ஏடுகளும்

எவர்சில்வருக்குப் பக்கத்தில் வைத்துத்தான் எவர்கிரீன் என்ற சொல்லையும் நாம் எடுத்துக்கொண்டோம் என்று தோன்றுகிறது. கறுக்காது, துருப்பிடிக்காது, துடைத்து வைத்தால் போதும். பழைய சினிமாப் பாட்டுக்கும் அதே அடைமொழி, மேடையில் பழைய கவிஞருக்கும் அதே அடைமொழி. 'என்றும் பசுமை' என்று தமிழாக்கியபோதும் இந்தப் பாத்திரக்கடை அர்த்தம் போகவில்லை.

மரத்தைப் பார்த்தவர்கள் இப்படி ஏமாறவில்லை. அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ் தம் தாவர நூலில், இலை மாறாதவை என்று சொல்லப்படும் மரங்களும் இலை உதிர்க்கின்றன என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார். நிற்பது அதே இலை அல்ல. சில வாடும்போது சில துளிர்க்கின்றன. எல்லாம் ஒருசேர விழாததால் மரம் மொட்டையாவதில்லை. அவ்வளவுதான் விஷயம். பின்னால் வந்த தாவரவியல் இதோடு ஒரு வரவு-செலவுக் கணக்கைச் சேர்த்தது. தடித்த இலையை உண்டாக்க மரத்துக்குச் செலவு அதிகம். சத்தில்லாத மண்ணில் அந்தச் செலவை மீட்க இலை பல வருஷம் உழைத்தாக வேண்டும். அமெரிக்க மலைகளில் வளரும் பிரிசில்கோன் பைனின் ஊசியிலை 30 வருஷத்துக்கு மேலும் இருக்கும். பிறகு அதுவும் விழும்.

இந்தச் சொல்லைத் தலைப்பாக்கிய இரண்டு ஏடுகள் ஸ்காட்லாந்தில் வெளிவந்தன. முதலாவது, 1724இல் ஆலன் ராம்ஸே எடின்பரோவில் வெளியிட்ட 'தி எவர் கிரீன்'. ராம்ஸே, டோப்பா செய்யும் தொழிலிலிருந்து புத்தக வியாபாரத்துக்கு வந்த கவிஞர். 1600க்கு முற்பட்ட ஸ்காட் கவிதைகளின் தொகுப்பு இது. ஸ்காட்லாந்தின் பார்லிமென்ட் 1707இல் இங்கிலாந்தோடு கரைந்துபோய் 17 வருஷம் ஆகியிருந்தது. மொழியும் பின்தொடர்ந்து கரைந்துகொண்டிருந்தது. ஜார்ஜ் பானடைன் என்ற இளம் வணிகர் 1568இல், பிளேக் காலத்தில், தன் கையால் எழுதிச் சேர்த்த பிரதிதான் ராம்ஸேக்கு ஆதாரம்.

அந்தப் பிரதியை அவர் உள்ளபடி அச்சிடவில்லை. சொற்களை மாற்றினார், ஓசையைத் திருத்தினார். 'தி விஷன்' என்று ஒரு கவிதை. 1300இல் லத்தீனில் எழுதப்பட்டு 1524இல் மொழிபெயர்க்கப்பட்டதாகத் தலைக்குறிப்பு. எழுதியவர் ராம்ஸேதான், அதில் புலம்பும் தேசம் 1707க்குப் பிந்தைய தேசம். இதைவிட விசித்திரமானது வில்லியம் டன்பாருக்கு நேர்ந்தது. இறந்துபோன கவிஞர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, அடுத்தது தான்தான் என்று நடுங்கும் இரங்கற்பா டன்பாருடையது. அதன் கடைசியில் ராம்ஸே சில பத்திகளைச் சேர்த்தார். பின்னொரு காலத்தில் புதர்மேட்டிலிருந்து ஒரு பையன் கிளம்பி வந்து தங்களையெல்லாம் மீட்பான் என்று டன்பாரே அவற்றில் ஆரூடம் சொல்கிறார். அந்தப் பையன் ராம்ஸே! சாவைப் பாடிய கவிதைக்குள்ளேயே தன் ஜாதகத்தைச் செருகிவிட்டார்.

1770இல் ஹெய்ல்ஸ் பிரபு பானடைன் பிரதியை மறுபடி எடுத்து, பாடத்தைச் சரிபார்த்துப் பதிப்பித்தார். அதிலிருந்து ராம்ஸேயைக் குட்டுவது அறிஞர்களுக்கு வழக்கமாயிற்று. எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. 1600இல் நின்றுபோன மரத்தில் புதுத் துளிர் வேண்டும் என்று உணர்ந்தவர் அவர். பர்கூஸனும் பர்ன்ஸும் எழுதிய ஸ்காட் மொழிக்கு அவர் இல்லாமல் வழி இருந்திருக்காது. ஆட்சேபம், துளிருக்குப் பழுத்த இலையின் சாயத்தைப் பூசியதில்தான்.

வங்கியில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்தச் சொல்லின் மற்றொரு அர்த்தமும் பழக்கம். பழைய கடனுக்கு வட்டி வரவில்லையென்றால், அதே ஆசாமிக்குப் புதுக்கடன் கொடுத்து அதிலிருந்து வட்டியை வரவு வைத்துக்கொள்வது. கணக்கு வாராக் கடனில் சேராமல் பச்சையாகவே நிற்கும். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் எவர்கிரீனிங். 2015இல் ரிசர்வ் வங்கி ஏடுகளைத் துருவிப் பார்க்க ஆரம்பித்த பிறகு வாராக் கடன் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது ஏறிக்கொண்டே போய், 2018 மார்ச்சில் மொத்தக் கடனில் 11 சதவீதத்தைத் தாண்டியது. இங்கே உதிர்வது என்பதே கிடையாது, உதிராததுபோல் காட்டுவதுதான் உண்டு. நம் இலக்கிய மலர்களில் வரும் 'என்றும் வாழும்' பட்டியல்களைப் படிக்கும்போது எனக்கு இந்தக் கணக்குத்தான் ஞாபகம் வருகிறது. முப்பது வருஷமாக யாரும் திரும்பப் படிக்காத நாவலுக்கு ஒரு புது முன்னுரை.

இரண்டாவது ஏடு பாட்ரிக் கெடிஸுடையது. 1914-15இல் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து நகரமைப்பு அறிக்கை எழுதிய அதே கெடிஸ். ராம்ஸேயின் பழைய வீட்டைச் சுற்றி ராம்ஸே கார்டன் என்ற குடியிருப்பை எழுப்பியவர், ராம்ஸேயின் தலைப்பையே எடுத்துக்கொண்டு 1895இல் 'தி எவர்கிரீன்' என்ற பருவ இதழைத் தொடங்கினார். தொழிலால் டண்டீயில் தாவரவியல் பேராசிரியர். ஆகவே தலைப்பின் அர்த்தம் அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கும். ஆனால் இதழில் வசந்தமும் மறுமலர்ச்சியும்தான் தூக்கல். முதல் இதழுக்கு அந்த ஆண்டே 'நேச்சர்' பத்திரிகையில் எச்.ஜி. வெல்ஸ் மதிப்புரை எழுதினார். உயிர்களைச் செதுக்குவது வலியும் சாவும். அதை மறைத்துவிட்டு இயற்கையைக் கொஞ்சுவது விஞ்ஞானமல்ல என்று கடுமையாகவே சொன்னார். வெல்ஸ் சொன்னது சரி. கெடிஸின் வாதங்களில் இல்லாத உதிர்வு வெல்ஸின் கோபத்தில் இருக்கிறது.

மறைப்பு இங்கும் உண்டு. இதழில் வில்லியம் ஷார்ப் எழுதினார். ஃபியோனா மக்லியோட் என்ற கேல்டிக் பெண்மணியும் எழுதினாள். இருவரும் ஒருவரே என்பது 1905இல் ஷார்ப் இறந்த பிறகே உலகத்துக்குத் தெரிந்தது.

ஆனால் கெடிஸ் ஒரு காரியம் செய்தார். வசந்தம், இலையுதிர்காலம், கோடை, குளிர் என்று நான்கு பருவங்களுக்கு நான்கு இதழ்கள். 1896-97 குளிர்கால இதழோடு ஏடு நின்றது.