கிங்ஸ்டன் மைக் செட்டும் தாராவித் தமிழும்

திருநெல்வேலிப் பக்கம் கோவில் கொடை என்றால் முதலில் வந்து இறங்குவது மைக் செட்தான். வேப்பமரத்தில் குழாயைக் கட்டி, "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்று ஒருவர் சொன்னால்தான் திருவிழா ஆரம்பித்த மாதிரி இருக்கும். ரெக்கார்டு போடுகிறவர்தான் அன்றைக்குச் சின்னப் பையன்களுக்கு ஹீரோ.

கிட்டத்தட்ட இதே சமாச்சாரம்தான் ஜமைக்காவில் 'சவுண்ட் சிஸ்டம்'. 1950களில் கிங்ஸ்டன் நகரத்து ஏழை ஜனங்கள் தெருவில் ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி வைத்து ஆடினார்கள். ஒரு சின்னக் குழப்பம்: அங்கே ரெக்கார்டு போடுகிறவர் 'செலக்டர்'. மைக்கைப் பிடித்துப் பேசுகிறவர்தான் 'டீஜே'!

அந்த டீஜேக்களில் பெரிய பெயர் யூ-ராய் (1942-2021). இவருக்கு முன்பும் சிலர் மைக்கில் பேசியிருக்கிறார்கள். ஆனால் யூ-ராய்க்குக் கூட்டாளியாகக் கிடைத்தவர் கிங் டப்பி என்ற எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர்காரர். பாட்டிலிருந்து பாடகரின் குரலை அங்கங்கே எடுத்துவிட்டு, தாளத்தை மட்டும் ஓடவிடுவார். அந்த இடைவெளியில் யூ-ராய் பாதி பேச்சும் பாதி பாட்டுமாகப் புகுந்து விளையாடுவார். 1970-ல் ஜமைக்காவின் முதல் மூன்று இடங்களிலும் இவருடைய ரெக்கார்டுகளே இருந்தன. பிறகு 'ஸ்டர்-காவ்' என்று சொந்தமாகவே சவுண்ட் சிஸ்டம் வைத்து, அடுத்த தலைமுறை டீஜேக்களுக்கு மைக்கைக் கொடுத்தார்.

அவர் பேசியது பள்ளிக்கூட இங்கிலீஷ் இல்லை. படித்தவர்கள் கொச்சை என்று ஒதுக்கிய 'பட்வா'. வீட்டில் பேசினால் திட்டு விழும் பாஷை, ஸ்பீக்கரில் வந்ததும் ஊருக்கே பெருமையாகிவிட்டது.

1967-ல் கிங்ஸ்டனிலிருந்து ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தான். அவனும் நம் வீட்டுப் பிள்ளைகளைப் போல ஒரு புலம்பெயர்ந்த குடும்பத்துப் பையன்தான். டீஜே கூல் ஹெர்க் என்று பெயர் வாங்கிய அவர், ஊரில் பார்த்த சவுண்ட் சிஸ்டத்தை மனதில் வைத்து, 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்க்ஸ் பகுதியில் தன் தங்கை ஏற்பாடு செய்த விருந்தில் ரெக்கார்டு போட்டார். ஹிப் ஹாப் பிறந்த நாள் என்று இன்று கொண்டாடுவது அதைத்தான்.

அந்த ஹிப் ஹாப் டிவி, இன்டர்நெட் வழியாக மும்பைக்கும் வந்தது. தாராவியில் நூறு வருடங்களுக்கும் மேலாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். தோல் பதனிடவும் கூலி வேலைக்கும் வந்தவர்கள். நிறையப் பேர் திருநெல்வேலிக்காரர்கள். 1960களின் கடைசியில் தென்னிந்தியர்களுக்கு எதிரான பிரசாரத்தையும் பார்த்தவர்கள். அங்கே வளர்ந்த பையன்கள் சேர்ந்த 'டோப்படெலிக்ஸ்' குழு இந்தி, மராத்தி, தமிழ் என்று தெருவில் பேசுகிற எல்லாப் பாஷையிலும் ராப் செய்தது. தாராவியைக் கதைக்களமாகக் கொண்ட பா. ரஞ்சித்தின் 'காலா' 2018-ல் வந்தபோது, சந்தோஷ் நாராயணன் இசையில் 'செம வெயிட்டு', 'தெருவிளக்கு' பாட்டுகளில் இந்தக் குழுவும் எழுதிப் பாடியது. ரஜினி படத்தில் தாராவிப் பையன்களே தாராவியைப் பற்றிப் பாடினார்கள்!

அதே படத்தில் மலேசியத் தமிழர்களான யோகி பியும் ரோஷன் ஜாம்ராக்கும் பாடியிருக்கிறார்கள். 'ஜாம்ராக்' என்பது ஜமைக்காவின் செல்லப் பெயர். சுற்றிச் சுற்றி எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்!

நம் வீடுகளில் பிள்ளைகள் ஒரு வரி தமிழ் பேசினால் உடனே 'ல', 'ள' திருத்த ஆரம்பித்துவிடுகிறோம். நானும்தான். அடுத்த வாய் அவர்கள் இங்கிலீஷுக்குப் போய்விடுகிறார்கள். கிங்ஸ்டனிலும் சரி, தாராவியிலும் சரி, யாரும் முதலில் பாஷையைத் திருத்திக்கொண்டு மைக்கைப் பிடிக்கவில்லை. இருந்த பாஷையோடு பிடித்தார்கள். அடுத்த தடவை தப்பும் தவறுமாகத் தமிழ் காதில் விழுந்தால், கொஞ்ச நேரம் பேசாமல் கேட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.