பூச்சோங் வந்து சேர்ந்த தமிழ்த் திரை

1996 அக்டோபர் 14 அன்று, ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிக் ஓர் அழைப்பு விடுத்தார். லினக்ஸ் இயங்குதளத்தில் திரையில் சன்னல்களை வரையும் வசதி அப்போதே உண்டு. எம்ஐடியில் 1984இல் பிறந்த எக்ஸ் விண்டோ அந்த வேலையைச் செய்தது. ஆனால் ஒரு நிரலின் பொத்தான் ஒரு மாதிரி, இன்னொன்றின் மெனு வேறு மாதிரி. கணினி படிக்காதவரும் கையாளக்கூடிய, சீரான முகப்பு ஒன்றைச் சேர்ந்து எழுதலாம் வாருங்கள் என்றார் எட்ரிக். அதுதான் கேடிஈ. 1998 ஜூலையில் முதல் பதிப்பு வந்தது. அது நம்பியிருந்த கியூடி நூலகத்தின் உரிமத்தை ஏற்க முடியாதவர்கள், மெக்சிகோவின் மிகேல் தெ இகாசா, பெதெரிகோ மேனா ஆகியோரின் முயற்சியில் 1997இலேயே க்னோம் என்ற போட்டி முகப்பைத் தொடங்கிவிட்டார்கள். இரண்டின் மூல நிரலும் திறந்திருந்ததால் யாரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் அவற்றைத் தம் மொழிக்குக் கொண்டுபோகலாம். தமிழுக்கு அது மிகப் பெரிய வாய்ப்பு.

2000ஐ ஒட்டி வெங்கட்ரமணன், சிவகுமார் போன்ற தன்னார்வலர்கள் கேடிஈயைத் தமிழாக்க உட்கார்ந்தார்கள். மொழிபெயர்ப்புக் கோப்பு ஒன்றைத் திறந்தால் மேலே ஆங்கில வரி, கீழே அதற்கான தமிழ் வரி. அடுத்து இன்னொரு சோடி. இப்படியே ஆயிரக்கணக்கில் போகும். மூல நிரலில் ஆங்கில வரி சற்று மாறினாலும் அதன் தமிழ் வரி ‘ஐயத்துக்குரியது’ எனக் குறியிடப்படும். ஒருவர் திரும்பப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை திரையில் ஆங்கிலமே தெரியும். தமிழ் மெனுவுக்கு நடுவே திடீரென்று ஓர் ஆங்கில வரி தலைகாட்டினால் காரணம் பெரும்பாலும் இதுதான், அல்லது அந்த வரியை இன்னும் யாரும் மொழிபெயர்க்கவில்லை. க்னோமின் தமிழ்க் கோப்புகளின் தலைப்பகுதியில் தினேஷ் நடராஜா, ஜெயராதா, பெலிக்ஸ், வாசுதேவன் என்ற பெயர்களைப் பார்க்கலாம். நம்மில் பெரும்பாலோர் திறந்தே பார்க்காத கோப்புகள் அவை. அந்தப் பெயர்களை நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சொற்கள் தயாரானாலும் எழுத்து சும்மா வந்துவிடவில்லை. அப்போது பரவலாக இருந்த திஸ்கி குறிமுறையில், கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகள் சேமிக்கப்பட்டன: ‘கெ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு ககரம். எழுத்துரு இருந்தால் திரையில் வந்துவிடும். கியூடி நூலகத்துக்குத் திஸ்கியைப் படிக்கும் நிரலை எழுதிக் கொடுத்தவர் ஹான்ஸ் பெட்டர் பீக்கர், தமிழர் அல்லர். யூனிகோடு குறிமுறை வேறு வழியில் போகிறது. அதில் ககரம் முதலில், உயிர்க்குறி பின்னால். கொம்பை முன்னே நகர்த்துவதும், ‘கொ’ என்றால் உயிர்க்குறியைப் பிளந்து ககரத்தின் இருபுறமும் வைப்பதும் திரையில் வரையும் நிரலின் பொறுப்பு. க்னோமுக்கு பேங்கோ என்ற நூலகம் அதைச் செய்தது. இன்று ஹார்ப்பஸ் என்ற ஒரே நிரல் க்னோம், கேடிஈ இரண்டுக்கும் செய்கிறது. ரெட் ஹேட் 2004இல் வெளியிட்ட லோகித் எழுத்துருக்களால் இலவச எழுத்துருப் பஞ்சமும் குறைந்தது.

தமிழ் எழுத்தைக் கணினிக்குக் கொண்டுவந்த இந்தக் கதையில் கோலாலம்பூருக்கும் இடமுண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் முரசு என்ற தமிழ் மென்பொருளை 1985இலேயே தொடங்கிவிட்டார். 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே கூடியது.

கோலாலம்பூரை அடுத்த எங்கள் பூச்சோங்கில் தோட்டங்கள் குடியிருப்புத் தாமான்களாகிப் பல காலம் ஆயிற்று. இங்கே வீட்டுக்கு வீடு ஒரு பழைய லேப்டாப் கிடக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று, எட்ரிக்கின் அழைப்புக்குச் சரியாக 29 ஆண்டுகள் கழித்து, விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் பொதுவாக நின்றன. விண்டோஸ் 11ஐ ஏற்காத லேப்டாப்புகளைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. எக்ஸ்எப்சிஈ போன்ற இலகுவான முகப்புடன் லினக்ஸ் ஏற்றினால் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். மெனுவையும் தமிழில் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டை நிறுவும்போது மொழி தமிழ், நாடு மலேசியா என்று கொடுத்துப் பாருங்கள். அந்த மொழிக்கும் நாட்டுக்கும் சேர்ந்த வட்டார அமைப்பு இல்லை, இருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று பதில் வரும். இருப்பவை இரண்டு: தமிழ் இந்தியா, தமிழ் இலங்கை. இந்தியாவைத் தேர்ந்தால் பணத்துக்கு ரூபாய்க் குறி வருகிறது. நூறாயிரம் வெள்ளி 1,00,000 என்று பிரிகிறது. அமைப்புகளில் போய் தேதி, எண், பண வடிவத்தை மட்டும் மலேசியாவுக்கு மாற்றலாம். அப்போது மாதமும் கிழமையும் மலாய்க்குப் போய்விடும். யூனிகோடு அமைப்பின் தரவுத் தொகுப்பில் மலேசியத் தமிழ் தனியே இருக்கிறது. லினக்ஸின் அடித்தள நூலகமான ஜிலிப்சியில்தான் இல்லை.

இல்லாதது ஒரே ஓர் உரைக் கோப்பு. எழுத்து வகையையும் அகர வரிசையையும் இந்தியத் தமிழ்க் கோப்பிலிருந்து எடுத்துக்கொள் என்று சில வரிகள். பணத்துக்கும் எண் பிரிப்புக்கும் மலேசிய மலாய்க் கோப்பைப் பார் என்று இன்னும் சில. தொலைபேசிக்கு 60. மாதம், கிழமைப் பெயர்கள் தமிழில். கணினி படிக்கும் எங்கள் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது எட்டாத வேலை இல்லை. எழுதி, சோதித்து, ஜிலிப்சி குழுவின் பரிசீலனைக்கு அனுப்ப வேண்டும். இந்த வட்டாரத்தில் யார் தொடங்கினாலும் சரிபார்க்க நான் உடன் உட்காருகிறேன்.