புழல் ஏரியும் ஒரு கிளிப்பிள்ளையும்

புழல் ஏரின்னா நம் நண்பர்களுக்குக் குடிதண்ணீர்தான் ஞாபகம் வரும். 1942-இல் அந்தத் தண்ணீரில் விமானங்கள் இறங்கின என்று நான் சொன்னால், "சும்மா கதை விடாதப்பா" என்கிறார்கள். கதையல்ல. பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆம் அணி, 'கேட்டலினா' என்ற நீர் விமானங்களை இங்கே நிறுத்தி வங்கக் கடலில் ரோந்து சுற்றியது.

அந்த யுத்தத்தில் எழுந்த கேள்வி இது: ரேடாரில் தெரியும் புள்ளி நம்மவனா, எதிரியா? ரேடார் கேட்டதும் பதில் சொல்ல விமானத்திலேயே ஒரு கருவி வைத்தார்கள். அதன் சங்கேதப் பெயர் 'கிளி'. அதன் வாரிசுதான் டிரான்ஸ்பாண்டர். நான்கு இலக்க எண்ணையும், பறக்கும் உயரத்தையும் கிளிப்பிள்ளையாய்ச் சொல்லும்.

1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி மேலே சவூதி, கஜகஸ்தான் விமானங்கள் மோதி 349 பேர் மாண்டனர். 15,000 அடியில் நிற்க வேண்டிய கஜக் விமானம் கீழே இறங்கிவிட்டது. அன்றைய டில்லி ரேடாரில் உயரம் தெரியாது. அதன் பிறகே நம் நாட்டில் டிரான்ஸ்பாண்டர் விதிகள் இறுகின.

"ரெண்டு பேர் போற குட்டி விமானத்துக்கு எதுக்கு இந்தச் செலவு?" என்று சிலர் கேட்பதுண்டு. பெரிய விமானத்தின் மோதல் தடுப்புக் கருவி, எதிரே வருவதன் டிரான்ஸ்பாண்டரிடம்தான் விசாரிக்கிறது. குட்டி விமானம் ஊமையாய் வந்தால் அது இருப்பதே தெரியாது. கட்டுப்பாட்டு வான்வெளியில் இந்தச் செலவு தனக்காக மட்டுமல்ல, எதிரே வரும் முந்நூறு பேருக்காகவும்தான்.