நடையைக் கவரும் நோய்

நடந்தால் நாடெல்லாம் உறவு, படுத்தால் பாயும் பகை என்பது நம் பழமொழி. பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் போடிமெட்டு மலைப்பாதை வழியாகவும் பிழைப்பு நாடிக் கேரளம் சென்ற தமிழ் மக்களுக்கு இதன் பொருளை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவர்கள் கொண்டு சென்ற முதல், கையும் காலுமேயாகும். 1879ஆம் ஆண்டில் கண்ணன் தேவன் மலைகளில் ஆங்கிலேயர் தோட்டச் சங்கம் ஒன்றை நிறுவிய பின்னர், மூணாற்றுச் சரிவுகளில் காடு திருத்தித் தேயிலை வளர்த்தோரில் பெரும்பாலோர் தமிழரே. பாலக்காட்டுப் பக்கத்தில் சித்தூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் தமிழ் வழங்கும் உழவர் குடிகள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நிலைத்தன. அதுவரை சென்னை மாநிலத்தில் இருந்த பாலக்காடும் கேரளத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மாறினும், மேட்டில் ஏறி உழைக்கும் வாழ்வு மாறவில்லை.

நேயர்களே, அத்தகைய உழைப்பாளியின் காலையே கவரும் நோய் ஒன்றின் வரலாற்றை இங்கே சிறிது காண்போம்.

இதயத்திலிருந்து காலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்கள் குறுகிவிட்டால், நிற்கும்போது துன்பம் தோன்றாது. நடக்கும்போது தசைக்கு மிகுதியான இரத்தம் தேவைப்படும். அது கிட்டாமையால் கெண்டைக்கால் கடுத்து வலிக்கும். சற்று நின்றால் வலி தணியும். மறுபடி நடந்தால் மறுபடி வலிக்கும். இந்த உண்மை முதலில் ஒரு குதிரையிடம் புலப்பட்டது. பாரிஸ் நகரில் வண்டி இழுத்த குதிரையொன்று சிறிது தூரம் ஓடியதும் நொண்டியது. நின்று இளைப்பாறியதும் நன்றாக நடந்தது. அதன் கால் இரத்தக் குழாய்கள் அடைபட்டிருந்தமையை பூலே என்னும் கால்நடை மருத்துவர் 1831இல் வெளியிட்டார். மனிதரிடத்தும் இதுவே நிகழ்கின்றது என்பதை 1858இல் ஷார்கோ என்ற பிரெஞ்சு மருத்துவர் விளக்கினார்.

மூணாற்றில் தோட்டச் சங்கம் தோன்றிய அதே 1879ஆம் ஆண்டில், ஆஸ்திரிய அறுவை மருத்துவர் வினிவார்ட்டர், 57 வயதான ஒருவரின் காலை ஆராய்ந்து, முதுமையின் தேய்மானத்தினின்று வேறுபட்ட ஓர் அடைப்பு நோய் உண்டெனக் கூறினார். 1908இல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த லியோ பர்ஜர், வெட்டி அகற்றப்பட்ட 11 கால்களை ஆராய்ந்து அந்நோயின் இயல்பை விரிவாக எழுதினார். அழற்சியால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து அடைபடுகின்றது. விரல் நுனி கறுத்து அழுகுகின்றது. பெரும்பாலும் 45 வயதுக்கு உட்பட்ட ஆடவரையே இது பற்றுகின்றது. இன்றும் இது பர்ஜர் நோய் என்றே வழங்குகின்றது.

பர்ஜர் கண்ட நோயாளிகளுள் பலர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதர்கள். ஆகவே இது அக்குலத்தாருக்கே உரிய நோய் என்ற கருத்து பரவிற்று. வந்தேறிகளின் நோயை அவர்தம் பிறப்பின்மீது ஏற்றிப் பேசுவது உலகில் புதிதன்று. ஆனால் பின்னர் ஜப்பானிலும் கொரியாவிலும் இந்தியாவிலும் இதே நோய் மிகுதியாகக் காணப்பட்டபோது அக்கருத்து நிலைகுலைந்தது. இவர்கள் எல்லாரிடத்தும் பொதுவாயிருந்தது குலமன்று, புகையிலை. நியூயார்க்கில் இந்நோயாளிகளை நெடுங்காலம் கவனித்த சாமுவேல் சில்பர்ட் 1945இல் இதனை வலியுறுத்தினார்: புகையை விட்டவர் காலைக் காத்துக்கொண்டனர், விடாதவர் ஒவ்வொரு பகுதியாக இழந்தனர்.

இந்தியாவில் இந்நோய்க்கு இரையாவோருள் பெரும்பாலோர் பீடி குடிக்கும் ஏழை உழைப்பாளிகள். பீடியில் சுற்றிய இலை சீராக எரிவதில்லை. அணையாதிருக்க அடிக்கடி இழுக்கவேண்டும். ஆதலின் சிறிய பீடியிலிருந்தும் பெருநஞ்சு உடலிற் புகுகின்றது. மலைத்தோட்டத்திலோ குளிரும் சேர்கின்றது. குளிருக்கு இதமென்று பீடியைப் பற்றவைக்கிறார்கள். குளிர் சுருக்கிய குழாயைப் புகை மேலும் சுருக்குகின்றது.

செல்வத்தாலும் இதற்குக் காவலில்லை. பெரும்புகைப் பழக்கமுடைய இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜின் கால் இரத்தக் குழாய்கள் அடைபட்டன. 1949 மார்ச் 12ஆம் நாள் ஜேம்ஸ் லியர்மந்த் என்ற அறுவை மருத்துவர், குழாய்களைச் சுருக்கும் நரம்பை இடுப்புப் பகுதியில் வெட்டிக் காலுக்கு இரத்தம் பெருகச் செய்தார். கால் பிழைத்தது. ஆயினும் 1951இல் புற்றுநோயால் ஒரு நுரையீரலை இழந்த மன்னர், 1952 பிப்ரவரி 6ஆம் நாள் மறைந்தார்.

அறுவை மருத்துவம் அதன் பின்னர் வெகுதூரம் வளர்ந்துள்ளது. 1948இல் குன்லின் என்பவர் நோயாளியின் சிரையையே எடுத்து, அடைப்பைச் சுற்றி மாற்றுவழி அமைத்தார். 1964இல் அமெரிக்காவில் சார்லஸ் டாட்டர், 82 வயது மூதாட்டி ஒருவரின் காலில் குறுகிய குழாயை உள்ளிருந்தே விரித்து, வெட்டப்படவிருந்த காலைக் காத்தார். நீரிழிவாலும் கொழுப்புப் படிவாலும் முதியோர்க்கு நேரும் அடைப்பில் இம்முறைகள் இன்று பெரிதும் பயன்படுகின்றன. பர்ஜர் நோயிலோ சிறு குழாய்களே அடைபடுவதால் மாற்றுவழி அமைக்க இடம் அரிது. அங்கே முதன்மையான மருந்து புகையிலையை அறவே விடுதல். நாளுக்கு ஒன்றிரண்டு பீடியும் நோயை உயிரோடு வைத்திருக்கும். மெல்லும் புகையிலையும் ஆகாது.

இத்துறையில் கேரளம் வழிகாட்டியதையும் நினைவுகூர வேண்டும். பொது இடங்களில் புகைப்பது சட்டத்துக்குப் புறம்பானது என 1999 ஜூலை 12ஆம் நாள் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2003இல் நாடு முழுவதற்கும் புகையிலைச் சட்டம் இயற்றப்பட்டது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத் தடை இந்தியா எங்கும் கண்டிப்பான விதிகளுடன் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் தெருவைக் காக்கும்; காலை நாமே காக்கவேண்டும். நடக்கையில் கெண்டைக்கால் கடுத்து, நின்றால் தணியும் வலியை வாதமென்றும் மலையேறிய களைப்பென்றும் ஒதுக்கலாகாது. இரவில் கால் வலித்துத் தொங்கவிட்டால் சுகம் காண்பதும், பாதம் குளிர்ந்து வெளிறுவதும், விரற்புண் ஆறாதிருப்பதும் முற்றிய அறிகுறிகள். அத்தகைய பாதத்துக்குச் சூடான ஒத்தடம் கொடுப்பது தீங்கு. இரத்தம் குன்றிய தோல் எளிதில் வெந்துபோகும். கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டே மருத்துவர் அடைப்பை அறியலாம். 1950இல் வின்சர் காட்டிய எளிய முறை அது. மலையிலிருப்போர்க்குக் கோட்டயமும் தேனியும், கணவாய்ப் பக்கத்தார்க்குப் பாலக்காடும் கோயம்புத்தூரும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உடையன. விரல் கறுக்கும் முன் அங்குச் செல்பவர், தம் காலாலேயே நடந்து வீடு திரும்பும் வாய்ப்பு மிகுதி.