சவுண்ட் பிளாஸ்டரும் நினைவக எல்லையும்: லினக்ஸ் கெர்னல் கடந்துவந்த பாதை

ஒரு சாதனத்தால் நினைவகத்தில் எதுவரை எட்ட முடியும் என்பதைக் கெர்னல் எந்த வடிவில் வெளிப்படுத்த வேண்டும்? லினக்ஸ் இதற்குத் தந்த விடை மாறிவந்த விதத்தை, சிங்கப்பூரின் சவுண்ட் பிளாஸ்டர் கார்டுகளை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. எல்லையைச் சொல்லும் உரிமை அந்தந்தச் சாதனத்துக்கே உரியது என்பதே இதன் முடிபு.

1. பதினாறு எம்பி காலம்

சிம் வோங் ஹூ 1981இல் நண்பருடன் தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி, 1989இல் சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்டது. சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தை ஒட்டியுள்ள சிம் லிம் ஸ்குவேரின் கணினிக் கடைகளில் அது அன்றாடச் சரக்கானது.

செயலியைத் தொந்தரவு செய்யாமல் ஒலித்தரவைப் பெற, அந்தக் கார்டு மதர்போர்டிலிருந்த 8237 டிஎம்ஏ (நேரடி நினைவக அணுகல்) சிப்பை நம்பியிருந்தது. அந்தச் சிப் அறிந்தது 16 பிட் முகவரி மட்டுமே. ஐபிஎம் ஏடி வகைக் கணினிகளில் தனிப் பதிவகம் ஒன்று மேலும் 8 பிட் சேர்த்தது. ஆக மொத்தம் 24 பிட். எட்டும் தூரம் 16 எம்பி.

லினக்ஸ் இந்த 16 எம்பி வரம்பை, டிரைவர்கள் நினைவகம் கேட்கும்போது இடும் ‘ஜிஎஃப்பி_டிஎம்ஏ’ என்ற ஒற்றைக் குறியாக்கியது. 2001 ஜனவரியில் வந்த 2.4 பதிப்பில், 32 பிட் எக்ஸ்86 கணினியின் நினைவகம் மூன்று மண்டலங்களாக இருந்தது: 16 எம்பி வரை டிஎம்ஏ, 896 எம்பி வரை நார்மல், அதற்குமேல் ஹைமெம். அந்தக் கார்டு செருகப்பட்ட பழைய ஐஎஸ்ஏ பஸ்ஸின் குறை இப்படிக் கெர்னலின் பொதுச்சொல்லாக நிலைத்தது. வேறு செயலிகளில் அதே பெயர் வேறு அளவைக் குறித்ததால் குழப்பம் வளர்ந்தது.

2. முப்பத்தொரு பிட் சிக்கல்

1998இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ், ஐஎஸ்ஏவுக்குப் பின்வந்த பிசிஐ பஸ்ஸுக்கான கார்டு. அதன் இஎம்யு10கே1 சிப்புக்குச் சொந்தப் பக்க அட்டவணை உண்டு. அட்டவணையின் ஒவ்வொரு பதிவும் 32 பிட்; அதில் 13 பிட் பக்க எண்ணுக்குப் போய்விடுகிறது. எஞ்சும் 19 பிட்டோடு 4 கேபி பக்கத்துக்குரிய 12 பிட்டைக் கூட்டினால் 31 பிட், அதாவது 2 ஜிபி. 16 எம்பி மண்டலம் இதற்கு மிகச் சிறிது. 2006 ஜனவரியில் வெளியான 2.6.15 பதிப்பு, 64 பிட் எக்ஸ்86 கணினிகளுக்குத் தந்த 4 ஜிபி ‘டிஎம்ஏ32’ மண்டலமோ பெரிது. எந்த மண்டலமும் அளவாகப் பொருந்தவில்லை.

3. சாதனமே சொல்லும் எண்

விடை 2.4 காலத்திலேயே உருவாகத் தொடங்கியிருந்தது. டேவிட் மில்லர் உள்ளிட்டோர் ஆவணப்படுத்திய பிசிஐ டிஎம்ஏ இடைமுகத்தில், தன் சாதனம் எத்தனை பிட் எட்டும் என்பதை டிரைவரே ‘மாஸ்க்’ எண்ணாக அறிவிக்கிறது. இடத்தைத் தேடுவது கெர்னலின் வேலை. 31 பிட் என்று ஒரு டிரைவர் சொன்னால், இன்றைய 64 பிட் எக்ஸ்86 கெர்னல் முதலில் டிஎம்ஏ32 மண்டலத்தில் இடம் எடுத்து, அது 2 ஜிபிக்குள் விழுகிறதா என்று சரிபார்க்கிறது. விழாவிட்டால் 16 எம்பி மண்டலத்துக்கு இறங்குகிறது.

ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியில் சில சாதனங்கள் முதல் 1 ஜிபியை மட்டுமே எட்டும். 2020இல் வந்த 5.5 பதிப்பு அதற்காக ஆர்ம்64இல் டிஎம்ஏ மண்டலத்தைக் கொண்டுவந்தது. பெயர் பழையது, அளவு புதியது. மாஸ்க்கை நம்பும் டிரைவருக்கு இந்த மாற்றம் தெரியவேண்டிய தேவையே இல்லை.

ஆகவே, மண்டலம் கெர்னலின் உள்விவகாரம். மாஸ்க்தான் டிரைவரோடு அது செய்துகொள்ளும் ஒப்பந்தம். ‘ஜிஎஃப்பி_டிஎம்ஏ’ குறியை இன்னும் நேரடியாகக் கேட்கும் டிரைவர்கள் இந்த ஒப்பந்தத்துக்கு மாறியாக வேண்டும். 2 ஜிபி எட்டும் கார்டை 16 எம்பிக்குள் தள்ளும் இடைவெளியையும், டிரைவர்களைத் தொடாமலே கெர்னலால் அப்போது சரிசெய்ய முடியும்.