தாய் மரணத் தணிக்கை

கர்ப்ப காலத்திலோ பிரசவத்தின்போதோ கர்ப்பம் முடிந்த 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பம் சார்ந்த காரணத்தால் ஒரு பெண் இறப்பது தாய் மரணம் எனப்படும். அத்தகைய ஒவ்வொரு மரணமும் எங்கே, எந்தக் கட்டத்தில் தடுக்கப்பட்டிருக்கலாம் என்று மருத்துவத் துறை தன் நடைமுறையையே துருவிப் பார்த்து, கண்டறிந்ததைக் கொண்டு அந்நடைமுறையைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு தாய் மரணத் தணிக்கை ஆகும்.

இதன் வேர் வியன்னா பொது மருத்துவமனையில் இருக்கிறது. அங்கு மருத்துவ மாணவர்கள் பயின்ற முதல் மகப்பேற்றுப் பிரிவில், மருத்துவச்சிகள் பயின்ற இரண்டாம் பிரிவைவிடப் பன்மடங்கு தாய்மார் பிரசவக் காய்ச்சலால் இறந்தனர். பிணப் பரிசோதனை செய்த கைகளோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வருவதே காரணம் என்று உணர்ந்த அம்மருத்துவமனையின் மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ், 1847 மே மாதம் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவுவதைக் கட்டாயமாக்கினார். ஏப்ரலில் நூற்றுக்கு 18ஆக இருந்த இறப்பு, ஜூனில் ஏறத்தாழ 2ஆக இறங்கியது. ஆயினும் 1849இல் அவரது பணி நீட்டிக்கப்படவில்லை. அவருடைய கருத்தும் மருத்துவ உலகில் உரிய காலத்தில் ஏற்கப்படவில்லை. உண்மையைக் கண்டறிந்தவர் ஒருவர் இருந்தார், அதை ஏற்று நிலைநிறுத்தும் அமைப்புதான் இல்லை.

அந்த அமைப்பு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1952இல் தொடங்கிய இரகசிய விசாரணையாக உருவெடுத்தது. ஒவ்வொரு தாய் மரணத்தின் விவரமும் திரட்டப்பட்டு, தாயின் பெயரும் சிகிச்சையளித்தவர்களின் பெயர்களும் நீக்கப்பட்டு, மூத்த மருத்துவர்களால் ஆராயப்பட்டது. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை அறிக்கை வெளிவந்தது. இரகசியம் என்பது இங்கே மறைப்பைக் குறிப்பதன்று. தண்டனைக்கு அஞ்சாமல் நடந்ததை நடந்தபடி சொல்வதற்கான பாதுகாப்பையே அது குறிக்கிறது, இம்முறையின் உயிர்நாடியும் அதுவே. அறுவைப் பிரசவத்துக்குப் பின் இரத்தம் உறைந்து நுரையீரலை அடைப்பதால் பலர் இறப்பதை அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சுட்டியதையடுத்து 1995இல் தடுப்பு வழிகாட்டுதல் வெளியிடப்பட்டது. அவ்வகை மரணங்கள் பின்னர் வந்த அறிக்கையில் குறைந்து காணப்பட்டன.

தெற்காசியாவில் இலங்கை 1980களிலேயே தாய் மரணத்தை அறிவிக்கப்பட வேண்டிய நிகழ்வாக்கிக் கள விசாரணையைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1990களில் தொடங்கிய பதிவு 2004இல் கட்டாயத் தணிக்கையாக வலுப்பெற்றது. மருத்துவமனைக் குறிப்பேடுகள் ஒருபுறம் ஆராயப்பட, மறுபுறம் சுகாதாரப் பணியாளர்கள் இறந்தவரின் வீட்டுக்கே சென்று உறவினரிடம் கேட்டறிவர். இதற்கு வாய்மொழி உடற்கூறாய்வு என்று பெயர். உதிரப்போக்கு எப்போது தொடங்கியது, மருத்துவமனைக்குப் போகலாம் என்று முடிவெடுத்தவர் யார், வண்டி கிடைக்க எவ்வளவு நேரமானது, எத்தனை மருத்துவமனைகள் கைமாற்றி விட்டன என்பன போன்ற கேள்விகளுக்கான விடைகளில், எந்த நோய்க்குறிப்பிலும் இடம்பெறாத தாமதங்கள் வெளிப்படுகின்றன. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கூட்டத்துக்கு உறவினரும் அழைக்கப்பட்டது இம்முறையின் தனிச்சிறப்பு. எனினும், அதிகாரி முன் விளக்கம் சொல்ல வேண்டிய செவிலியரும் மருத்துவரும் அச்சத்தால் உண்மையைக் குறைத்துச் சொல்ல நேரிடலாம் என்ற குறையைப் புறக்கணிக்க இயலாது.

தணிக்கை காட்டிய இடைவெளிகளை நிரப்பும் பணியும் இதே காலத்தில் நடந்தது. மூன்று செவிலியர்களுடன் 24 மணி நேரமும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், 'சீமாங்' என்று சுருக்கமாக வழங்கும் அவசர மகப்பேற்றுச் சிகிச்சை மையங்கள், இரத்த சேமிப்பு வசதி, 2008இல் வந்த 108 ஆம்புலன்ஸ் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. உதிரப்போக்குள்ள தாயின் கால்களையும் வயிற்றையும் இறுக்கிச் சுற்றி, பெரிய மருத்துவமனையை அடையும்வரை உயிரைத் தாங்கிப் பிடிக்கும் அதிர்ச்சி தடுப்பு உடையும் புழக்கத்துக்கு வந்தது. 2001–03இல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134ஆக இருந்த மாநிலத்தின் தாய் இறப்பு விகிதம் 2018–20இல் 54ஆகக் குறைந்தது. இதில் தணிக்கையின் பங்கை மட்டும் தனியே பிரித்து அளக்க முடியாது.

மரணங்கள் குறையக் குறைய ஆராய்வதற்கான நிகழ்வுகளும் குறைவதால், சாவின் விளிம்புவரை சென்று மீண்டவர்களின் சிகிச்சையை ஆராயும் முறையும் இதனுடன் சேர்ந்துள்ளது. இந்தியாவில் இதற்கான வழிகாட்டுதல் 2014இல் வெளியானது. இவ்வாய்வில், நடந்தது என்ன என்பதை அந்தத் தாயிடமே கேட்டறியலாம்.